லவுஞ்சில் தலை எண்ணிய விசில்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் இருக்கிற தொழிற்சாலைகளெல்லாம் மின்சாரத்தில் ஓடுகின்றன என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், பாவம், உங்களுக்கு விஷயம் தெரியாது. அவை விசிலால் ஓடுகின்றன. விசில் என்பது ஓர் ஆள். என் ஆள்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, இன்றைக்கு ஐம்பத்திரண்டு பஸ்ஸுக்கு முதலாளி. இந்தப் பக்கம் வேலை பார்க்கிற பி.இ.க்களில் என் பஸ்ஸில் ஏறாதவர் யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள், பார்க்கலாம். அந்த ஐம்பத்திரண்டு பஸ்ஸையும் ஒரகடம் கூட்டு ரோட்டில் நின்று நேரத்துக்கு அனுப்புகிறவன்தான் விசில். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அவன் ஊதினால் மணிமங்கலத்தில் மேய்கிற மாடுகூட ஒரு நிமிஷம் நின்று, இது நமக்கா என்று யோசித்துவிட்டுத்தான் போகும்.

யாருடைய பேரும் அவனுக்குத் தெரியாது. ஆள் மட்டும் தெரியும். "ஒம்போதாம் வண்டி, மூணாவது ஜன்னல், தெனம் தலைய தொவட்டிக்கினே வரும், அந்தப் பொண்ணு எங்க?" என்பான். அந்தப் பெண் ஏறினால்தான் வண்டி நகரும். ஒருமுறை தென்காசிக்காரப் பையன் ஒருவன் வரவில்லை. விசில் அவன் அறைக்கே போய்விட்டான்.

"அண்ணே, ஒரு நிமிசம்ணே, பல்லு மட்டும் வெளக்கிக்கிடுதேன்!"

"வண்டில வெளக்கிக்கலாம் வாடா."

வாயில் பிரஷ்ஷோடு அவன் பஸ் ஏறியதை ஐம்பது பேர் பார்த்தார்கள். அப்புறம் அந்த வண்டியில் ஒருத்தரும் தாமதமாக வந்ததில்லை.

இப்படிப்பட்டவனை நான் விமானத்தில் ஏற்ற வேண்டி வந்தது. புனேயில் தலைமை அலுவலகம் வைத்திருக்கிற ஒரு கம்பெனி, ஒரகடத்தில் புதிதாகத் தொழிற்சாலை திறந்தது. மூன்று ஷிப்டுக்கும் பஸ் விடுகிற வேலை யாருக்கு என்று, நாங்கள் கிளம்பிய அன்று மாலை ஐந்து மணிக்குப் புனேயில் பேசி முடிப்பதாகச் சொன்னார்கள். மறுநாள் அவர்களுடைய பெரியவர் வெளிநாடு போகிறார். போட்டிக்காரர் ஏற்கெனவே போய்ப் பேசிவிட்டு வந்துவிட்டார். நானோ, வேலை எனக்குத்தான் என்று நம்பி இருபது டிரைவர்களைப் பழைய இடத்தை விட்டுவிட்டு வரச் சொல்லியிருந்தேன். அன்று புனே போய்ச் சேராவிட்டால் அந்த இருபது வீட்டுக்கும் நான் என்ன பதில் சொல்வது? எந்த ஊரில் எத்தனை பேர் ஏறுவார்கள், எங்கே எத்தனை நிமிஷம் ஆகும் என்பதெல்லாம் காகிதத்தில் கிடையாது. விசிலின் தலைக்குள் இருக்கிறது. அதனால் தலையோடு சேர்த்து ஆளையும் அழைத்துப் போனேன்.

மீனம்பாக்கத்தில் பாதுகாப்புச் சோதனையில், கழுத்தில் என்ன என்று இந்தியில் கேட்டார் ஒரு வடக்கத்திக்காரர். விசிலுக்கு இந்தி தெரியாது. ஊதிக் காட்டினான். முன்னால் கசகசவென்று நின்ற கூட்டம் மூன்று நேர் வரிசையானதை என் கண்ணால் பார்த்தேன். அந்தக் காவலர் கையை அசைத்து அவனைப் போகச் சொன்னார். எனக்கென்னவோ அவர் மனசுக்குள் சல்யூட் அடித்த மாதிரி இருந்தது.

என் பாங்க் கார்டைத் தேய்த்தால், விமானம் கிளம்பும்வரை சாப்பிட்டு இளைப்பாறுகிற லவுஞ்சுக்குள் இரண்டு பேர் போகலாம். நாலு தடவை போயிருக்கிறேன். தெரிந்தவனாகக் கையை வீசிக்கொண்டு நுழைந்தேன்.

"பாருடா, பொங்கல், வடை, கேக்கு, சூப்பு. எது வேணுமோ எடுத்துக்க. யாரும் கேக்க மாட்டான்."

அவன் பொங்கலைப் பார்க்கவில்லை. வரவேற்பில் நின்ற பெண்ணிடம் போனான்.

"பாப்பா, எந்த வண்டி எப்போ கெளம்புதுன்னு இங்க யாரு கூவுவாங்கோ?"

"இங்க அனௌன்ஸ்மென்ட் கிடையாது சார். ஸ்க்ரீன்ல வரும், பாத்துக்கணும்."

"தூங்கிட்டாங்கன்னா?"

"அது அவங்கவங்க பொறுப்பு சார்."

"தூங்குறவன் எப்டிம்மா பொறுப்பா இருப்பான்?"

அந்தப் பெண் ஸ்க்ரீனைத் திரும்பிப் பார்த்தாள். ஐம்பது வருஷம் உழைத்த எனக்கே இது தோன்றியதில்லை.

விசில் உட்காரவே இல்லை. கை துடைக்கிற காகிதம் ஒன்றை எடுத்தான், பேனா வாங்கினான், மேஜை மேஜையாகப் போனான். "சார் எந்த ஊரு? எத்தினி மணி வண்டி?" சிலர் முறைத்தார்கள். சிலர் அவன் லவுஞ்சின் ஆள் என்று நினைத்து இன்னொரு காபி கேட்டார்கள். காபியும் கொண்டுவந்து கொடுத்து, ஊரையும் கேட்டுக்கொண்டான். கோட் போட்ட ஒரு பெரிய மனிதர், மடியில் கம்ப்யூட்டரோடு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவர் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த சீட்டைக் குனிந்து படித்து, "புனே, நம்ம வண்டி" என்று குறித்துக்கொண்டான்.

மேனேஜர் அம்மாள் என்னிடம் வந்தார். "சார், உங்ககூட வந்தவர் கஸ்டமர்ஸ டிஸ்டர்ப் பண்றார்."

"அவரு என் கம்பெனில பெரிய ஆபீசர்மா" என்றேன். உண்மைதானே?

அதற்குள் மதுரை போகிற ஒரு வயதான அம்மாவை அவன் தட்டி எழுப்பி, பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்விட்டு வந்தான். அந்த அம்மாள், "நல்லா இருப்பய்யா, நீ எழுப்பலேன்னா நான் இங்கனயே கெடந்திருப்பேன்" என்று சொன்னதை எல்லாரும் கேட்டார்கள். அவ்வளவுதான், லவுஞ்சே மாறிவிட்டது. "அண்ணா, நான் கொச்சி, மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் காதில் பாட்டை மாட்டிக்கொண்டான் ஒருவன். கொஞ்ச நேரத்தில் மேனேஜர் அம்மாளே, "சார், கோயமுத்தூர்காரங்க போயாச்சா?" என்று அவனிடம் கேட்டார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு தட்டுப் பொங்கல் வேறு. சாய்வு நாற்காலியில் கண்ணை மூடினேன். விசில் இருக்கிற இடத்தில் எனக்கென்ன கவலை?

கண் விழித்தபோது பக்கத்து நாற்காலிகளெல்லாம் காலி. வாசலில் விசில் நிமிர்ந்து நின்றான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"மொதலாளி, புனே கிளியர். ஏழு பேரு. ஒருத்தர் பாக்கி இல்ல."

"நாம எந்த ஊருடா போறோம்?"

அவன் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி காகிதத்தைப் பார்த்தான்.

"ஐயையோ."

நியாயமாகப் பார்த்தால் அவன்மேல் தப்பில்லை. இருபது வருஷமாக வண்டியை அனுப்புகிறவன், அனுப்பிய வண்டியில் ஒருநாளும் ஏறியதில்லை. எல்லாரையும் ஏற்றினால் அவன் வேலை முடிந்தது. ஆனால் நியாயம் பேச அப்போது எனக்கு நேரமில்லை. இந்த முட்டியோடு நான் ஓடிய ஓட்டத்தை அந்த விமான நிலையம் மறந்திருக்காது. வழியெல்லாம் திட்டினேன். "இருபது டிரைவர் குடும்பம்டா! இன்னா பதில் சொல்லுவேன்?" அவன் என் பையையும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான்.

கீழே, விமானம்வரை ஆளைக் கொண்டுபோகிற பஸ் நின்றது. கடைசி பஸ். கதவில் அந்தக் கோட்டுக்காரர். ஒரு கால் பஸ்ஸுக்குள், ஒரு கால் தரையில். விமானக் கம்பெனிப் பெண் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"சார், ப்ளீஸ், உள்ள போங்க, லேட்டாகுது."

"ரெண்டு பேர் வரணும்மா. என்னை எழுப்பிவிட்டப்போ அவரேதான் சொன்னாரு, நானும் மொதலாளியும் புனேதான்னு. இன்னும் வரல. எண்ணிப் பாத்துட்டேன்."

தன் வாயாலேயே சொல்லிவிட்டு மறந்திருக்கிறான் படுபாவி!

"சீக்கிரம் சார்!" என்று அந்தப் பெண் எங்கள் சீட்டைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு விட்டாள். விசில் என்னைத் தூக்காத குறையாக உள்ளே ஏற்றினான். எட்டிப் பார்த்துத் தலைகளை எண்ணினான். பிறகு பஸ்ஸின் பக்கவாட்டில் படபடவென்று இரண்டு தட்டுத் தட்டி, "ரைட், போலாம்!" என்றான்.

தரையில் நின்றுகொண்டு.

கோட்டுக்காரர்தான் அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார். பஸ்ஸே சிரித்தது.

புனேயில் அந்தப் பெரியவர் எந்த ஊரில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று ஒன்றொன்றாகக் கேட்டார். விசில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். நடுவில், "மழ பேஞ்சா அங்க பத்து நிமிஷம் சேத்துக்கோங்க, தண்ணி நிக்கும்" என்றும் சொன்னான். பக்கத்திலிருந்தவர் இந்தியில் மாற்றிச் சொல்லச் சொல்ல, பெரியவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். வேலை எங்களுக்கே வந்தது. இருபது டிரைவர்களும் இன்று ஓட்டுகிறார்கள். நான் பேசிய பேச்சும் ஒரு காரணம். முக்கால்வாசி அவன்தான்.

திரும்பி வருகிற விமானத்தில் அவனை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். வெளியே மேகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். எனக்குத் திடீரென்று ஒன்று தோன்றிற்று.

"ஏண்டா, தெனம் சாயங்காலம் கடைசி பஸ்ஸும் போனப்புறம் நீ எப்டிடா வல்லத்துல ஒன் வீட்டுக்குப் போற?"

"எவனாச்சும் லாரிக்காரன் ஏத்திக்குவான் மொதலாளி."

"ஏத்தலன்னா?"

"நடந்துடுவேன். இன்னா இப்போ?"

ஐம்பத்திரண்டு பஸ் வைத்திருக்கிற எனக்கு இருபது வருஷமாக வராத கேள்வி.

இப்போது சாயங்காலம் அந்தக் கடைசி பஸ் கிளம்பும்போது என் கார் கூட்டு ரோட்டில் நிற்கும். "எதுக்கு மொதலாளி இதெல்லாம்?" என்று தினமும் கூச்சப்படுவான். நான் கதவைத் திறந்துவிடுவேன். எத்தனை வேலை கிடந்தாலும் சரி, அந்த ஒருத்தனை ஏற்றாமல் நான் வீட்டுக்குக் கிளம்புவதில்லை.