தேன்மொழிக்கு வசனமில்லாத காதல் தொடர்

காதல் தொடர் எடுக்கக் கதை எதற்கு என்று நான் மனப்பூர்வமாக நம்பிய காலம் ஒன்று இருந்தது. வானம், தண்ணீர், காற்றில் பறக்கும் துப்பட்டா போதும். மீதியைப் பார்ப்பவர்கள் புரிந்துகொள்வார்கள். (புரிந்துகொண்டார்கள். அதுதான் பிரச்சினை.)

கல்லூரி முடித்த கையோடு ஐந்து பாகத்தில் ஒரு குட்டித் தொடர் எடுத்தேன். கல்யாண வீடியோ எடுக்கும் மாமாவிடம் ட்ரோனை இரவல் வாங்கினேன். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டிவிட்டுப் போன குழியில் தேங்கிய பச்சைத் தண்ணீர், ஆண்டிமடத்து முந்திரித் தோப்பு, பூலாம்பாடிக்குப் பின்னால் மலையிலிருந்து இறங்கும் மேகம்... நம்ம ஊரா இது என்று நானே வாயைப் பிளந்தேன். நாயகன் அத்தை மகன் கார்த்தி. நாயகி என் தோழி தேன்மொழி. இருவரும் நடந்தார்கள். நின்றார்கள். பார்த்துக்கொண்டார்கள். மறுபடி நடந்தார்கள்.

"ஒரு வரியாவது பேச வுடுடி," என்று கெஞ்சினாள் தேன்மொழி.

"உன் கண்ணு பேசும்."

"கண்ணுல பூச்சி வுழுந்துருக்குடி!"

("அப்படியே இரு, கலங்குன மாதிரி நல்லாருக்கு" என்றேன். நானெல்லாம் மனுஷியா?)

லாரி ஓட்டும் அப்பா ஒரே நிபந்தனைதான் போட்டார். "ஊரு ஜனம் நல்லாருக்குன்னு சொன்னா கேமராவத் தூக்கிட்டுச் சுத்து. இல்லன்னா சித்தப்பா பாத்து வச்ச ஆபீஸ் வேலைக்கு மெட்ராஸ் ரயில் ஏறிடணும்."

அரியலூரில் கல்யாண மண்டபம் பிடித்து, திரை கட்டி, சொந்தபந்தத்துக்குச் சாப்பாட்டோடு போட்டுக் காட்டினோம். முதல் பாகத்துக்குக் கைதட்டல். "நம்ம கல்லுக்குழியா இது!" இரண்டாம் பாகத்தில் கொட்டாவி. மூன்றாவதில் ஏதோ ஒயர் பிடுங்கிக்கொள்ள, பின்னணி இசை நின்றே போனது. இசை போனதும் கதை இல்லாதது பளிச்சென்று தெரிந்தது.

அந்த அமைதியில் அத்தை எழுந்தார். "டேய் கார்த்தி, எதுக்குடா நடந்துக்கிட்டே இருக்க? பஸ்ஸ வுட்டுட்டியா?"

மண்டபமே சிரித்தது. நான் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டேன். ரயில் ஏறியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போதுதான் தேன்மொழி விறுவிறுவென்று மேடையேறி மைக்கைப் பிடுங்கினாள். திரையில் அவள் தண்ணீரையே சோகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏக்கம்னு நெனச்சுக்காதீங்க. என் செருப்பு உள்ள வுழுந்துடுச்சு."

மண்டபம் அதிர்ந்தது. கார்த்தி மெதுவாக நெருங்கினான்.

"வராருங்க. எங்கிட்ட ஏதோ சொல்லணுமாம். என்ன சொல்லணும்னு டைரக்டரு இன்னும் சொல்லலயாம்."

மலையடிவாரத்தில் பிரிவுக் காட்சி. "இப்ப நாங்க பிரியுறோம். ஏன்னு தெரிஞ்சவங்க கை தூக்குங்க!"

"நீ வுட்டுடு தாயி! அவன் நடக்கத்தான் லாயக்கு!" கார்த்தியைப் பெற்ற அத்தையே சொன்னார்.

பந்திக்குக் கூப்பிட்டார்கள், ஒருத்தர்கூட எழவில்லை. (எங்கள் சொந்தத்தில் இது இதுவரை நடந்ததில்லை.) வாசலில் நின்றவர்களெல்லாம் உள்ளே வந்தார்கள். "மொதல்லேருந்து போடு, இந்தப் புள்ளயே பேசட்டும்!" என்று ஒரே கூச்சல். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ரயிலு போனாப் போவுது, வுடு பாப்பா," என்றார். துப்பட்டாவுக்குள் நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

தேன்மொழியின் குரலைச் சேர்த்தே தொடரை வெளியிட்டோம். வளைகுடாவில் வேலைபார்க்கும் நம்ம ஊர்க்காரர்கள் போனுக்குப் போன் அனுப்பி, அடுத்தது எப்போ என்று கேட்க ஆரம்பித்தார்கள். இன்றுவரை அவள் எழுதுகிறாள், நான் எடுக்கிறேன். அதுதான் எங்கள் பிழைப்பு.

பிறகு என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு என்ன பண்ணுது?" என்று கேட்டார்கள். அப்பா கொஞ்சமும் யோசிக்காமல், "நல்லா படம் காட்டும்ங்க," என்றார்.

கட்டிக்கொண்டவர் அதையேதான் இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.