இயர்போன் இடக்குமிழ் மீட்ட படலம்

வாழ்க பெஞ்சமின்! படூர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் வீற்றிருந்து, சிறுசேரிக் கணினிக் கோட்டத்தில் பிறர் செய்த தப்பைப் பொறுக்கியே மாதச் சம்பளம் பெற்றவனும், கம்பெனிப் பேருந்தில் ஏழாம் வரிசை ஜன்னலோரத்தைக் கர்ப்பிணிக்கும் விட்டுக்கொடாதவனும், இரு செவியையும் அடைத்துக்கொண்டு இவ்வுலகத்துக் கூச்சல் எதற்கும் திரும்பிப் பாராதவனுமாகிய ஈர்செவிக் காவலன் பெஞ்சமின் வாழ்க! கேளம்பாக்கத்துக்கும் திருப்போரூருக்கும் நடுவே நீண்டு கிடக்கும் நெடுஞ்சாலையே, நீ சாட்சி நில். தண்ணீர் லாரிகளே, ஓரம் போங்கள். மனை விற்பவர் நட்ட மஞ்சள் கற்களே, எழுந்து வணங்குங்கள். உங்களுக்கும் வேறு வேலை கிடையாது.

அவன் படைக்கலம் யாதெனில், இயர்போன். பெட்டிக்கடை வாசலில் சீப்போடும் ஊக்கோடும் தொங்குகிறதே, அந்த ஜாதி அன்று. அமெரிக்க தேசத்தில் பிறந்து, அங்கே ஆறு மாத வேலைக்குப் போய்த் திரும்பிய சகா கிரிஷின் பெட்டிக்குள் உள்பனியன்களுக்கு நடுவே மறைந்து கடல் தாண்டி வந்தது. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் மும்மூன்று குட்டி ஸ்பீக்கர்கள் குடியிருப்பதாக அட்டைப்பெட்டி கூறிற்று. திறந்து பார்த்தவர் ஒருவருமில்லை. அட்டைப்பெட்டி சொன்னால் நம்பிவிட வேண்டியதுதான். அதன் விலைக்கு ஒரு நல்ல ஃபிரிட்ஜ் வந்திருக்கும் என்பார்கள். அவன் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை என்பதைக் காவியம் இதற்கு மேல் பேசாது.

அக்கருவியின் தனிப்பெருஞ்சிறப்பு, வயர் கழன்று வரும் என்பதே. பெட்டிக்கடை இயர்போனிலும் வயர் கழன்றுதான் வரும், போனது திரும்பாது. இதுவோ, வேண்டும்போது கழன்று, வேண்டும்போது மாட்டிக்கொள்ளும் வரம் பெற்றது. மயிரிழை போன்ற இரண்டு ஊசிகள் குமிழின் இரண்டு துளைக்குள் புகுந்து நிற்கும். அந்த இரண்டு ஊசிக்காக அவன் செய்த சேவையைப் பெற்ற தாய்க்குச் செய்திருந்தால் அவள் இன்னும் பத்து வருஷம் கூட இருந்திருப்பாள். காலையும் மாலையும், குண்டூசித் தலையளவு வளையம் வைத்த கம்பி கொண்டு குமிழின் மூக்கில் ஏறிய காதழுக்காம் குரும்பியைக் குடைந்தெடுப்பான். சனிதோறும் வயரைக் கழற்றி, ஊசிகளை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் நீராட்டி, ஷூ டப்பாவில் வருகிற தின்னக்கூடாத உப்புப் பொட்டலத்தைத் துணைக்கு வைத்து, எவர்சில்வர் டிபன் டப்பாவுக்குள் பள்ளிகொள்ளச் செய்வான். டப்பா பறிபோன நாள் தொட்டு அவன் மனையாட்டி ஜெனிட்டா தன் தயிர்சாதத்தை பிளாஸ்டிக் கவரில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். கருவி அணியுமுன் காதையும் தூய்மை செய்தல் விதி என்று பஞ்சுக்குச்சியை உள்ளே விட்டு அழுத்தித் திருகுவான். வெளியே இழுத்த குச்சியில் ஒன்றும் ஒட்டாததைக் கண்டு அகமகிழ்வான்.

அவன் பூண்ட சூளுரையோ அதனினும் கொடிது. ஒருநாள் பேருந்தில் கிரிஷ், "மச்சான், ஒரே ஒரு பாட்டுடா, கேட்டுட்டு குடுத்துடறேன்" என்று கை நீட்டினான். சுமந்து வந்தவனே அவன்தான். அதுவும் கணக்கில் வரவில்லை. பெஞ்சமின் இரு கைகளாலும் தன் செவிகளைப் பொத்தி, "அடேய், என் செவியன்றிப் பிறர் செவி தீண்டில் இக்கருவி கற்பிழந்ததாகும், அக்கணமே இதைப் பக்கிங்காம் கால்வாயில் எறிவேன்!" என்று பேருந்து அதிர முழங்கினான். உள்ளபடி அவன் சொன்னது, "போடா, உன் காது அழுக்கு" என்பதுதான்.

இரண்டாயிரத்தெட்டாம் ஆண்டு, ஐப்பசி மழை பிடிப்பதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, ஊர்ச் சபையின் பாடகர் குழு வேன் பிடித்து மாமல்லபுரம் போயிற்று. அக்குழுவின் முன்வரிசை மூலவர், ஞானம்பாள் அத்தை. சுருதி ஒரு பக்கம் போனால் அத்தை ஒரு பக்கம் போவாள். ஆனால் போகிற பக்கம் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போகும் குரல். அவள் முதுகையே பார்த்தபடி எட்டு வருஷம் பின்வரிசையில் பாடியவள் ஜெனிட்டா. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் சிடி போடுவதென்றும், அதில் ஒரு சரணத்தை ஜெனிட்டா தனியாகப் பாடுவதென்றும் பாஸ்டர் ஆபிரகாம் அறிவித்திருந்தார். சிடியைச் செப்பனிடும் பொறுப்பு யாருக்கு? ஊரிலேயே உயர்ந்த இயர்போன் வைத்திருப்பவனுக்குத்தான்.

கடற்கரையில் டிபன் டப்பாவை ஜெனிட்டாவின் மடியில் வைத்து, "கண்ணிமையாது காப்பாயாக" என்று ஆணையிட்ட பெஞ்சமின், அலைக்கு முதுகு காட்டுதல் ஆண்மையன்று என்று பக்கவாட்டில் நின்று, ஒரு மணி நேரம் இடக் கன்னத்தில் அறை வாங்கிக் கரையேறினான்.

மறுநாட்காலை பேருந்தில் குமிழ்களைப் பூட்டினான். வலம் பாடிற்று. இடம் பேசவில்லை. வயலின் செத்தது, தவில் செத்தது. கிணற்றுக்குள் யாரோ முனகுவது போல் ஒரு மிச்சம் மட்டும் கேட்டது. அரண் ஒருபுறம் இடிந்த மன்னன்போல் அவன் இருக்கையில் சரிந்தான்.

அன்று மாலை வீட்டு ஹாலில் நியாயசபை கூடிற்று.

"நீ டப்பாவைத் தொறந்தியா?"

"மாங்கா துண்டுன்னு நெனச்சி தொறந்தேன். உள்ள வயரு இருந்துச்சி. மூடிட்டேன்."

தீர்ப்பு அக்கணமே வழங்கப்பட்டது. மாங்காய் தேடிய அந்த ஒரு நொடியில், வங்காள விரிகுடா முழுவதும் திரண்டு எழுந்து, உப்புக்காற்று உருவெடுத்து, டப்பாவுக்குள் புகுந்து, இடக்குமிழின் ஊசிகளைக் கடித்துவிட்டது! இனி உப்போடு போர்!

போர் ஐந்து வாரம் நடந்தது. ஸ்பிரிட் குப்பி இரண்டு காலியாயிற்று. பள்ளிப்பிள்ளை ரப்பரால் ஊசிகளைத் தேய்த்தான், வாயால் ஊதினான், அரிசிப் பானைக்குள் மூன்று இரவு குமிழைப் புதைத்து வைத்தான். அந்த அரிசியைத்தான் நான்காம் நாள் பொங்கித் தின்றார்கள். இந்த அமளிக்கிடையே ஜெனிட்டா அவனுக்கு இடப்புறம் நின்று, "ஏங்க, கேஸ் புக் பண்ணீங்களா?" என்று மூன்று தரம் கேட்டும் அவன் திரும்பவில்லை. அவள் சந்தேகப்படவில்லை. கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான்.

"இங்க குடுங்க, நா ஒரு தபா வச்சிப் பாக்கறேன்" என்றாள் அவள்.

சூளுரை குறுக்கே நின்றது.

"செரி, சோத்தாங்கை பக்கத்து குமிழை இந்தக் காதுல வச்சிப் பாருங்களேன்."

"பேதையே! இடத்தின் வளைவு இடச்செவிக்கும், வலத்தின் வளைவு வலச்செவிக்கும் என்று அச்சு வார்த்தவன் விதித்த விதி. மாற்றி அணிதல் செருப்பை மாற்றி அணிதல் போன்றது!" என்று கர்ஜித்தான். அலுவலகத்தில் எதையும் பத்து விதமாக மாற்றிப் போட்டுப் பார்க்கத்தான் அவனுக்குச் சம்பளம். அது அலுவலகம்.

ஆறாம் வாரம் கிரிஷின் தோழன் ஒருவன் மூலம் கடல் கடந்து வந்து சேர்ந்தது புது வயர். வெள்ளி முலாம் பூசிய நாலு புரி முறுக்கு. பார்த்தால் பெண் பிள்ளைக்குப் பின்னிய சடை மாதிரி இருந்தது. ஞாயிறு விடியலில் குளித்து முடித்து, ஜன்னலை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, மூச்சையும் நிறுத்தி, இரு ஊசியையும் இரு துளையில் இறக்கினான். இசையை ஓட்டினான். அரைத் தூக்கத்தில் எழுந்தவனாதலின், அந்நேரம் பார்த்து, தாடை கழலும்படி ஒரு கொட்டாவி வந்தது.

படார்! இடப்புறம் தவில் விழித்தது! வயலின் எழுந்து நின்றது! பெஞ்சமின் கட்டிலின் மேல் ஏறி நின்று இரு கரமும் உயர்த்தினான். திங்களன்று பேருந்தில் கிரிஷின் தோளைத் தட்டி வெற்றிச் செய்தி சொல்ல, அவனும், "வயர்தான்டா, நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்றான். அவன் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. இதெல்லாம் உலக வழக்கம்.

வென்ற கோட்டை அன்று சாயங்காலமே மறுபடி மங்கிற்று. ஆனால் வென்றேன் என்று கொடி ஏற்றியவன் இறக்குவானா? வெள்ளி முறுக்கு பொய் சொல்லுமா? அந்தப் பாட்டை அப்படித்தான் பதிவு செய்திருக்கிறார்கள் என்றான். அடுத்த பாட்டையும் அப்படித்தான் பதிவு செய்திருந்தார்கள். நாட்டிலுள்ள இசையமைப்பாளர் எல்லோரும் ஒரே வாரத்தில் இடக்கை முடங்கிப் போனார்கள்.

இந்த நிலையில்தான் பாடகர் குழுவின் பதிவு அவன் கைக்கு வந்தது. திருப்போரூர் மைக்செட் லட்சுமணன் இரண்டு மைக் வைத்துப் பிடித்தது. இடப்பக்கம் ஞானம்பாள் அத்தையும் அவள் படையும், வலப்பக்கம் ஜெனிட்டா. கணினி முன் அமர்ந்து குமிழ்களைப் பூட்டினான் காவலன். வலம் தெளிந்த நீரோடை. இடம் கிணற்று முனகல். உடனே லட்சுமணனுக்குப் போன் பறந்தது: உன் இடப்பக்கத்து மைக் பழுது, உன் தொழில் பழுது, உன் குலமே பழுது.

"தம்பி, ரெண்டு மைக்கும் ஒரே கடையில ஒரே நாள்ல வாங்கனது. அதுவுமில்லாம அந்தம்மா கொரலுக்கு மைக்கே தேவையில்ல, எடுத்துட்டாலும் கேக்கும். ஒரு தபா சாதா ஸ்பீக்கர்ல போட்டுப் பாத்துட்டு அப்பால பேசு."

"வளைகாப்புக்கும் காதுகுத்துக்கும் கத்தும் பெட்டியில் என் செவி படியாது!" என்று போனை வைத்தான். ஜெனிட்டா பக்கத்தில் வந்து நின்றாள். அவள் எதற்கும் கெஞ்சுகிறவள் அல்லள். "என் சரணம் எப்படி வந்திருக்கு, ஒரே ஒரு தபா கேக்கறேங்க" என்றாள். காவலன் கையால் காதைப் பொத்தினான். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அவன் இடப்பக்கத்து ஒலியை ஏற்றினான். போதவில்லை, இன்னும் ஏற்றினான். கோடு முட்டும் மட்டும் ஏற்றி, வலத்தைப் பாதியாய் இறக்கி, ஈர்செவியும் சமன் கண்டு, இது நீதி என்று தலையசைத்தான்.

கிறிஸ்துமசுக்கு முந்திய ஞாயிறு. ஆராதனை முடிந்து சபை முற்றத்தில் ஊரே கூடி நின்றது. இட மூலையில் ஒரு பெட்டி, வல மூலையில் ஒரு பெட்டி. ஜெனிட்டா வாங்கி வைத்து வருஷம் ஒன்றாகியும் கட்டாத பச்சைப் பட்டைக் கட்டியிருந்தாள். அன்று கேட்டு ஒப்புக்கொண்டால் மறுநாள் வீட்டுக்கு ஒரு சிடி. பாஸ்டர் ஆபிரகாம் ஜெபித்தார். லட்சுமணன் பொத்தானை அமுக்கினான்.

ஊழிக்காலத்து இடி எழுந்தது! அணை உடைத்த ஏரி போல், கட்டறுத்த யானை போல், பிரேக் விட்ட தண்ணீர் லாரி போல் இடப்பெட்டியிலிருந்து புறப்பட்டது ஞானம்பாள் அத்தையின் குரல்! கூரைப் புறா பறந்தது. மடியிலிருந்த குழந்தைகள் ஒன்று விடாமல் வீரிட்டன. சாலையில் போன ஷேர் ஆட்டோ நின்று பார்த்துவிட்டுப் போயிற்று. பாஸ்டர் கண்ணை மூடினார், ஜெபத்துக்காக அல்ல. ஜெனிட்டாவின் சரணம் வந்தது. வலப்பெட்டிக்குள் அடுத்த வீட்டுக் கொசு போல் ஏதோ இழைந்தது. அதன் மேல், பின்பாட்டில் வெறும் 'ஆ' பாடும் ஞானம்பாள், ஏழு கடலையும் கொண்டு வந்து கொட்டினாள்.

"இன்னா கொரலு! இன்னா கொரலு! பெஞ்சமினு, நீ நூறு வருஷம் நல்லாயிருக்கணும்டா! எனுக்கு பத்து சிடி!" என்று கண்ணீர் மல்க அவன் தலையில் கை வைத்தாள் அத்தை.

ஜெனிட்டா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். எட்டு வருஷம் ஒரு முதுகுக்குப் பின்னால் நின்றவள் முகத்தை அப்போது யாரும் பார்த்திருக்கக் கூடாது.

பெஞ்சமின் மார்பு நிமிர்த்தி, "பழுது என்னிடமில்லை, லட்சுமணனின் இடப்பெட்டி வெறிகொண்டது!" என்று பிரகடனம் செய்தான். லட்சுமணன் இரண்டு பெட்டியின் வயரையும் பிடுங்கி மாற்றிச் சொருகினான். இப்போது அத்தை வலப்பக்கமிருந்து இடித்தாள்.

"பெட்டி மேல பழி போடாத தம்பி. ரெண்டையும் மாத்திப் போட எனக்கு ஒரு நிமிசம் ஆவல. நீ ரெண்டு மாசமா இன்னா பண்ண?"

அப்போது ஜெனிட்டா நடந்து வந்தாள். ஊர் பார்க்க, சபை பார்க்க, கணவன் கழுத்தில் தொங்கிய வெள்ளி முறுக்கைப் பற்றி, இரு குமிழையும் தன் இரு செவியிலும் திணித்துக்கொண்டாள். வானம் இடியவில்லை. பக்கிங்காம் கால்வாயும் எட்டிப் பார்க்கவில்லை. அவன் சட்டைப்பையிலிருந்த பாட்டுக் கருவியை அமுக்கி, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துக் கேட்டாள்.

"ரெண்டு பக்கமும் நல்லாத்தான கீது."

பிறகு குமிழ்களைக் கழற்றாமலே அவனுக்கு இடப்புறம் போய் நின்று, மெல்லவுமின்றிச் சத்தமாகவுமின்றி, "உங்கள கட்டிக்கினதுக்கு ஞானம்பாள் அத்தையையே கட்டிக்கினு இருக்கலாம்" என்றாள். சபை முழுதும் சிரித்தது. பாஸ்டரும் சிரித்தார். பெஞ்சமின் ஒருவன் மட்டும், யாரோ தன்னைப் புகழ்ந்தார் போலும் என்று எதிர்த்திசையில் பார்த்துப் புன்னகைத்தான்.

அன்று மாலை ஜெனிட்டா அக்குமிழ்களைத் தன் செவியில் அணிந்து, லட்சுமணனைப் பக்கத்தில் உட்கார்த்தி, ஏற்றியதை இறக்கி இறக்கியதை ஏற்றினாள். மறுநாள் வீடுவீடாகப் போன சிடியில் அவள் சரணம் ஒரு சொல் குறையாமல் ஒலித்தது. குமிழ்கள் அவள் காதிலிருந்து திரும்பி வரவேயில்லை. டிபன் டப்பா தயிர்சாதத்துக்குத் திரும்பிற்று. கருவியிழந்து, சூளிழந்து, வெள்ளி முறுக்கிழந்து, இடப்புறத்து உலகமே இழந்து, மனையாள் முன்வரிசையில் அமர, வென்ற அரசன் பின்னே இழுத்து வரப்படும் சிறைப்பட்ட வேந்தன்போல், ஷேர் ஆட்டோவின் பின்வரிசையில் மூன்று பேருக்கும் ஒரு மீன்கூடைக்கும் இடையே நசுங்கி, உப்பையும் காற்றையும் கடலையும் லட்சுமணன் குலத்தையும் சபித்தபடி கேளம்பாக்கம் நோக்கிப் புறப்பட்டான் ஈர்செவிக் காவலன்.

கேளம்பாக்கத்து டாக்டர் அவன் இடது காதில் வெந்நீர் பீய்ச்சி, புளியங்கொட்டை அளவு குரும்பி எடுத்தார்.