பாலத்தில் ஒரு வெள்ளைக் கார்

மூன்றாம் நாளும் அந்த வெள்ளைக் கார் பின்னாலேயே வந்தபோது துரைராசுவின் சந்தேகம் உறுதியாயிற்று.

தாலுகா ஆபீஸில் பட்டா மாறுதல் பார்க்கும் எழுத்தர் அவர். சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் கண்டித்ததால் ஒரு மாதமாகச் சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வந்தார். எட்டு கிலோமீட்டரும் வயலுக்கு நடுவே பாய் விரித்த மாதிரிச் சாலை. இடையில் ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான் மேடு. மலைப்பக்கத்து ஆட்கள் பார்த்தால் சிரிப்பார்கள். துரைராசுவுக்கு அதுவே மலை. சீட்டிலிருந்து எழுந்து மிதித்து, மூச்சு இரைத்து, அவர் உச்சிக்குப் போவதற்குள் கீழே ஒரு ரயிலே போய்விடும்.

அந்த ஏற்றத்தில்தான் கார் வந்தது. ஹாரன் அடிக்கவில்லை, முந்தவும் இல்லை. உள்ளே ஒரு பெண்ணும் ஆணும் இமைக்காமல் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். பாலம் இறங்கித் திரும்பிப் பார்த்தால் காரைக் காணோம்.

மறுநாள் அரைமணி முன்னதாகக் கிளம்பினார். பாலத்தடியில் புளியமர நிழலில் கார் நின்றது. அவர் ஏறத் தொடங்கியதும் அதுவும் கிளம்பியது. அதற்கு மறுநாள் வேண்டுமென்றே தாமதமாகப் போனார். அப்போதும் காத்திருந்தது.

வீட்டில் சொன்னார். மனைவி வேம்பு கேட்டாள்.

"அந்த வாழைத்தார் விஷயமா இருக்குமோ?"

துரைராசுவுக்கு அது அப்போதுதான் உறைத்தது. பட்டாவில் பெயர் மாற்ற மனுக் கொடுத்திருந்த ராசம்மாள், போன மாதம் அவர் வீட்டில் ஒரு பூவன் தாரை இறக்கிவிட்டுப் போயிருந்தார். முப்பது வருஷ சர்வீஸில் அவர் வாங்கிய ஒரே பொருள். அதிலும் சர்க்கரைக்குப் பயந்து ஒரு பழம்கூட அவர் தொடவில்லை. காரில் வருவது லஞ்சம் பிடிக்கும் விஜிலன்ஸ்காரர்கள் என்றால், அவர்களிடம் இதைச் சொன்னால் எடுபடுமா?

திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். பழம் என்றைக்கோ தீர்ந்துவிட்டதால், கடைத்தெருவில் அதே அளவில் ஒரு தார் வாங்கிக் கேரியரில் கட்டினார். ராசம்மாள் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம். தாரோடு மிதிக்க முடியவில்லை, இறங்கித் தள்ளினார். கார் பின்னாலேயே ஊர்ந்தது. அவர் நின்றால் நின்றது. நடந்தால் நகர்ந்தது. கையும் தாருமாகப் பிடிபட்டோம் என்றே அவருக்குத் தோன்றியது.

தார் திரும்பி வந்ததைப் பார்த்த ராசம்மாள், மனுவைத் தள்ளிவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டார். மறுநாள் காலை ஆபீஸுக்கே வந்து, ஊரே பார்க்க, துரைராசுவின் மேஜையில் இரண்டு தார்களை வைத்தார்.

"ஒண்ணு பத்தலைன்னா சொல்ல வேண்டியதுதானே ஐயா. எதுக்கு அத வீடு வரைக்கும் தள்ளிக்கிட்டு வந்தீங்க?"

அந்த நேரம் பார்த்துத் தாசில்தார் நீலாயதாட்சி அறையிலிருந்து வெளியே வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் துரைராசு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். கையோடு இரண்டு பக்கம் எழுதியும் கொடுத்தார். தேதி, ரகம், எத்தனை சீப்பு என்பது வரை ஒன்றையும் விடவில்லை. தாசில்தார் ஜமாபந்தி ஃபைலைக் கேட்கத்தான் வெளியே வந்திருந்தார். எழுதிக் கொடுத்ததைப் படித்த பிறகு வேறு வழியில்லை. சாயங்காலத்துக்குள் மெமோவும், ரெக்கார்டு ரூமுக்கு மாற்றலும் கைக்கு வந்தன.

இனிப் பயப்பட எதுவும் மிச்சமில்லை. அடுத்த நாள் காலை ஏற்றத்தின் நடுவில் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினார் துரைராசு. கார் ஒரு குலுக்கலோடு நின்று அணைந்தது.

"எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டேங்க. இன்னும் எதுக்குப் பின்னாடியே வர்றீங்க?"

அந்தப் பெண் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடியே இருந்தார். பக்கத்தில் இருந்தவர்தான் பதறி இறங்கி வந்து கும்பிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க சார், வீட்டுல இப்பத்தான் கார் பழகுறாங்க; மேட்டுல நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பழக, உங்கள விட மெதுவாப் போற வண்டி இந்தச் சுத்துவட்டாரத்துலயே கிடைக்கலைங்க."