உருளைக்கிழங்குப் போரில் வெண்ட்லர் பெருமான்

வாழ்க எட்கார் வெண்ட்லர். அவர் மூக்கின் நுனியில் வழுக்கி நிற்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி வாழ்க. பக்க ஓரத்தில் அரை மில்லிமீட்டர் பிழை கண்ட துயரால் இரண்டு வேளை உணவொழித்த அவரது அருந்தவமும் வாழ்க. லைப்சிக் மாநகரில், பழைய அச்சகமொன்றின் மூன்றாம் மாடியில், கதை கலவாத நூல்களுள் வடிவழகிலும் எழுத்தழகிலும் தலைசிறந்த ஒன்றுக்கு ஆண்டுதோறும் பொற்பதக்கம் சூட்டும் ஐவர் பேரவையில் பத்தொன்பது ஆண்டுகள் வீற்றிருந்த வேந்தர் அவர். பத்தொன்பது ஆண்டுகளும் அவர் கைகாட்டிய நூல் தோற்றது. எதிரே அமரும் ரொஸ்விதா கீல் கைகாட்டியதே வென்றது. இது இருபதாம் ஆண்டு. இதோடு அவருக்கு ஓய்வு.

அப்பேரவைக்கு ஒரு மரபு உண்டு. பொருள் என்னும் மாயக்காரி கண்ணைக் கவ்விக் கதை பேசி, எழுத்தின் அழகை எடைபோட விடாமல் இழுத்துப் போய்விடுவாள் என்று அஞ்சிய முன்னோர், நூலைத் தலைகீழாகப் பிடித்தே பார்க்க வேண்டும் என்று விதித்துச் சென்றிருந்தார்கள். ஆகவே பனிக்கரடியின் வாழ்வையும் சிறுநீரகத்தின் செயலையும் இன்னும் அறுநூறு அறிவுக் களஞ்சியங்களையும் ஐந்து அறிஞர்கள் மூன்று பகல் தலைகீழாகப் புரட்டித் தள்ளினார்கள். ஒருவரும் ஒரு வரி படிக்கவில்லை.

மூன்றாம் நாள் முற்பகலில் உருளைக்கிழங்கின் வரலாறு வெண்ட்லரின் திருக்கரத்தை அடைந்தது. வழக்கம்போல் கவிழ்த்துப் பிடித்தார். முதலில் சாம்பல்நிற வரிகள் சாதுவாகக் கடந்தன. நடுப்பகுதியிலோ, அந்தோ, எழுத்துகள் உயிர்பெற்று எழுந்தன. பஞ்ச காலத்தில் ஒரு விதவை விதைக்கிழங்கைத் தலையணைக்குள் ஒளித்துத் தைத்ததையும், பசித்த பிள்ளைகள் அதன்மேலேயே தலைவைத்து உறங்கியதையும் அவர் கண்டார். கண் கலங்கியது. இது எழுத்துருவின் வல்லமையே அன்றி வேறில்லை என்று முடிவு செய்தார்.

மூண்டது போர். ரொஸ்விதா தன் படைக்கலமாகப் பாலங்களைப் பற்றிய நூலை உயர்த்தினாள்.

"ஒவ்வொரு எழுத்தும் எப்படித் தூண் மாதிரி நிக்குது பாருங்க. உங்க கிழங்குல என்ன இருக்கு வெண்ட்லர், மண்ணுதான்."

அளவுகோல்கள் உறை கழன்றன. தலைப்பெழுத்தோடு தலைப்பெழுத்தும் பக்க எண்ணோடு பக்க எண்ணும் மோத, ஓரவெளிகள் உழக்குண்டு, அட்டைத்துணிகள் தடவித் தடவித் தேய்ந்து, இருபுறமும் இரண்டிரண்டு கைகள் உயர்ந்து நின்ற அந்நேரத்தில், தலைவர் ஓஸ்டர்லோவின் ஒற்றைக் கை மட்டுமே எஞ்சியிருந்தது. வெண்ட்லர் எழுந்து முழங்கினார்.

"கேளுங்க. இருபது வருஷத்துல என்னை அழவெச்ச வரியிடைவெளி இது ஒண்ணுதான்."

ஓஸ்டர்லோவின் கை கிழங்குக்காக உயர்ந்தது. வெண்ட்லர் மகிழ்ச்சியில் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அப்போது காபி ஊற்ற வந்த ஹெட்விக் அம்மாள், கோப்பை வைக்க இடம் வேண்டி அந்நூலை எடுத்தாள். ஊர் உலகம் பிடிப்பதுபோல் நேராகப் பிடித்து, ஒருமுறை புரட்டினாள்.

"சார், நடுவுல பதினாறு பக்கத்தைத் தலைகீழா வெச்சுத் தெச்சிருக்காங்களே. பைண்டர் தூங்கிட்டானா?"

நூற்கட்டில் பிழையுள்ள நூலுக்குப் பதக்கமில்லை என்பது விதி. ஆனால் ரொஸ்விதா விதியைப் பற்றிப் பேசவில்லை. அவள் அதைவிடப் பெரிய குற்றத்தைக் கண்டுவிட்டாள்.

"கவுத்துப் பிடிச்ச உங்களுக்கு அந்தப் பக்கம் மட்டும் நேராத் தெரிஞ்சிருக்கு. அப்போ, நீங்க அதைப் படிச்சிருக்கீங்க" என்றாள் மெல்ல.

வெண்ட்லர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வெட்கமாகத்தான் இருந்தது.

"ஆமா. நல்லா இருந்துச்சு."

பொற்பதக்கம் இருபதாம் முறையாக மேசையைக் கடந்து எதிர்ப்புறம் போய், பாலங்களின் மார்பில் ஏறியது. தகுதியிழந்த நூலை யாரும் கேட்கவில்லை. தோற்ற வேந்தர் அதைத் தம் தோல்பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

மாலையில் பதினொன்றாம் எண் டிராமில் அதைப் படித்துக்கொண்டே போனதில், அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது.