எழுத்தாளர் கஸ்பரும் நலம்

ஹரோ, லண்டன்,
ஞாயிறு இரவு.

மதிப்புக்குரிய ஆண்டுமலர் ஆசிரியர் சண்முகராசா அங்கிள் அவர்களுக்கு,

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிக்கும் விதுஷா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீங்களும் அன்ரியும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இன்று நாம் அஞ்சலிக் கூட்டம் நடத்திய எழுத்தாளர் எல்லையூர் கஸ்பர் அவர்களும் நலம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தயவுசெய்து இருந்துகொண்டு வாசியுங்கள். நான் போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அம்மா எழும்பினால் என் கதை முடிந்தது.

அங்கிள், நான் பொய் சொல்லவில்லை, பிழையாக விளங்கிக்கொண்டேன். லண்டனின் மறுகோடியில், பார்க்கிங் என்ற ஊரில், அம்மாவுக்குச் சட்டை தைக்கும் பிலோமினம்மாவின் வீட்டு முன்னறையில் அவருடைய கணவர் கஸ்பரின் படம் இருக்கிறது, அதற்குச் சந்தன மாலை போட்டிருக்கிறது, பக்கத்தில் சிவப்பு பல்பும் எரிகிறது. எங்கள் வீட்டில் மாலை போட்ட படம் என்றால் அந்த ஆள் உயிரோடு இல்லை. அம்மாவும் இரண்டு வருடமாக அந்தப் படத்தைப் பார்க்கிறார், பிலோமினம்மாவின் கவலையைக் கிளற வேண்டாம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அம்மாவுக்கு அளவெடுக்கும் நேரத்தில் நான் அங்கே கிடந்த கஸ்பரின் சிறுகதைப் புத்தகத்தை வாசித்தேன். காட்டுக்கும் காவலரணுக்கும் நடுவே இருக்கும் எல்லைக் கிராமத்துக் கதைகள். அதில் ‘கதவு’ என்ற கதையில் ஒரு குடும்பம் பதினொரு முறை இடம்பெயர்கிறது, ஒவ்வொரு முறையும் வீட்டுக் கதவை மட்டும் கழற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிறது. நான் அழுதுவிட்டேன். பிலோமினம்மா, “கொண்டு போ பிள்ளை, கட்டிலுக்குக் கீழ நிறையக் கிடக்குது” என்றார். நான் அவருக்காகவும் சேர்த்து அழுதேன்.

பிறகுதான் மலருக்கு ‘எனக்குப் பிடித்த எழுத்தாளர்’ கட்டுரை எழுதினேன். கடைசி வரியில், அவர் மறைந்தாலும் அவர் கதவு திறந்தே இருக்கிறது என்று முடித்தேன். அந்த வரிக்குத்தான் நீங்கள் முதல் பரிசு தந்தீர்கள். அதற்குப் பிறகு நடந்தது ஒன்றும் என் கையில் இல்லை. எல்லாரும் அவரைத் தெரியும் என்றார்கள். பிறேமினி ரீச்சர் சின்ன வயதிலேயே வாசித்தாராம். அஞ்சலிக் கூட்டம் வைக்க வேண்டும் என்றீர்கள். குடும்பத்தாரின் தொலைபேசி இலக்கம் கேட்டீர்கள், துக்க வீட்டுக்குக் கரைச்சல் கொடுக்க வேண்டாம் என்று சொன்னேன். புத்தக அட்டையில் இருந்த பழைய படத்தைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலித் துண்டுப்பிரசுரம் அடித்தீர்கள். அது பார்க்கிங்கில் ஒரு மீன்கடைக் கண்ணாடி வரைக்கும் போயிருக்கிறது. அங்கே அதை வாசித்தவர் கஸ்பர்.

இன்று முன்வரிசையில் தொப்பி போட்ட ஒருவர் வந்து இருந்தாரே, நினைவிருக்கிறதா? நீங்கள்தான் போய், “அண்ணை, இது எழுத்தாளற்ற குடும்பத்துக்கு ஒதுக்கின கதிரை. குறை நினையாமப் பின்னுக்குப் போறீங்களோ?” என்றீர்கள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னுக்குப் போனார். அவருக்குப் பக்கத்தில் இருந்த அம்பலவாணன் அங்கிள்தான் அதற்குப் பிறகு மேடையேறி, கஸ்பரின் உயிர் தன் மடியில்தான் பிரிந்தது என்று கண்ணைத் துடைத்தார். பின்வரிசையில் முதலில் கைதட்டியது கஸ்பர்தான்.

கூட்டம் முடிந்ததும் தேத்தண்ணி மேசையில் அவர் என்னிடம் வந்து தொப்பியைக் கழற்றினார். மயிர் இல்லை, ஆனால் அதே மூக்கு. என் கையிலிருந்த ரோல்ஸ் கீழே விழுந்தது.

“பிள்ளைதானே என்னைச் சாக்காட்டினது?”

“அங்கிள், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. படத்துக்கு மாலை...”

“அதுவா? இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தி என்ர புத்தக வெளியீடு. பெட்ரோல் ஸ்டேஷனில எனக்கு லீவு தரேல்லை. ஆள் வராட்டி என்ன எண்டு படத்துக்கு மாலையைப் போட்டு விழாவை முடிச்சிட்டாங்கள். மனுசி அதை அப்பிடியே கொண்டுவந்து கொழுவினவ.”

“அப்ப சிவப்பு பல்பு?”

“அது மேல இருக்கிற யேசுவுக்கு.”

நான் அழத் தொடங்கினேன். அவர் வேறு ரோல்ஸ் ஒன்றை எடுத்துத் தந்தார். “ஏன் அழுறீர்? சாப்பிடும். நான்தான் கஸ்பர் எண்டு காட்டப் பெட்டி நிறையப் புத்தகத்தோட சத்தம் போடத்தான் வந்தனான். இரண்டாவதாப் பேசின உங்கட பள்ளிப் பிள்ளை ‘கதவு’ கதையைச் சொல்லச் சொல்ல சனம் மூக்கைச் சிந்துது. அதுக்குப் பிறகு எப்பிடி எழும்பிறது?” தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்தார். “அந்தக் கதவு எங்கட வீட்டுக் கதவு. இவ்வளவு காலமும் ஒருத்தரும் அதைப் பற்றிக் கேட்கேல்லை.”

அங்கிள், உயிரோடிருக்கிற ஒருவரை நான் கொன்றுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று சொல்லத் தெரியவில்லை. பயந்து பயந்து எழுதத் தொடங்கிய நான் இப்போது போர்வைக்குள் சிரித்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் உண்மை உண்மைதான். அடுத்த செய்திமடலில் ‘எல்லையூர் கஸ்பர் இறக்கவில்லை, வருந்துகிறோம்’ என்று போடுங்கள். வருந்துகிறோம் என்பதை எங்கே போடுவது என்பதை மட்டும் யோசித்துப் போடுங்கள். வெற்றிக் கிண்ணத்தைச் சனிக்கிழமை திருப்பித் தருகிறேன். அம்மாவிடம் நீங்களே மெதுவாகச் சொல்லிவிடுங்கள்.

உங்களுக்கும் அன்ரிக்கும் நீண்ட ஆயுள் கிடைக்கட்டும். இதை நான் நன்றாக விசாரித்த பிறகே எழுதுகிறேன்.

பணிவன்புடன்,
விதுஷா

பி.கு.: திங்கள் காலை. மேலே எழுதியதில் ஒன்றையும் போட வேண்டாம். இப்போதுதான் கஸ்பர் அங்கிள் அம்மாவின் போனுக்கு எடுத்தார். அம்மா முதலில் போனைக் கீழே போட்டுவிட்டார், இப்போது பரவாயில்லை. பெட்டியில் கொண்டுவந்த புத்தகங்கள் எல்லாம் நேற்றே கூட்டத்தில் விற்று முடிந்துவிட்டனவாம். கட்டிலுக்குக் கீழே முதல்முறையாகக் கூட்டினாராம் பிலோமினம்மா. கஸ்பர் அங்கிள் விடிய விடிய இருந்து புதுக் கதை ஒன்று எழுதத் தொடங்கியிருக்கிறார், முடியும்வரை தன்னை உயிர்ப்பிக்க வேண்டாமாம். அடுத்த வருட நினைவுக் கூட்டத்துக்காக நீங்கள் கேட்ட இறந்த திகதியையும் சொல்லிவிட்டார். எதுவென்றாலும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போடட்டாம். மற்ற நாட்களில் அவருக்கு ஷிப்ட்.