தனக்கொடியின் ஸ்கேன் அழிபடலம்

வாழ்க தனக்கொடி! செலியமேட்டில் பிறந்து, திருபுவனைத் தொழிற்பேட்டையில் மணிக்கு ஐந்நூறு டப்பாக்களுக்கு மூடி போடும் மின்னல்விரல் நாயகியே, வாழ்க! அந்தரங்கம் காக்கும் தெய்வங்காள், உங்களுக்கு இத்தலத்தில் கோயில் இல்லையாயினும், இப்போரைப் பாட எனக்கு நாவருள்க!

நாயகி மூன்று மாதக் கரு சுமந்திருந்தாள். ஆனால் அவளுடையது ஒப்பந்த வேலை. பெண்ணொருத்தி கருவுற்றாள் என்று சூப்பர்வைசர் செவிக்கு எட்டினால், "நாளையிலிருந்து வராதே" என்னும் திருவாக்கு உடனே பிறக்கும். ஆகவே கணவனன்றி ஒருவரும் அறியாமல் அவ்விரகசியத்தைக் காத்துவந்தாள்.

ஊரார் ஆதார் அட்டைகளையும் ஜாதகங்களையும் கம்ப்யூட்டர் திரையில் கருவாடுபோல் பரப்பிவைக்கும் வள்ளல் சுப்பராயலுவின் பாகூர் இன்டர்நெட் கடைக்கு, வருமானச் சான்றிதழ் வேண்டி ஒரு ஞாயிறன்று அவள் வந்தாள். வள்ளல் ஏதோ ஒரு கோப்பைத் தட்டினார். போன வாரம் அவள் பிரின்ட் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட், பெயரோடும் படத்தோடும், வரிசையில் நின்ற எட்டுப் பேர் முன்னிலையில் பட்டத்து யானையென எழுந்தருளியது.

"இன்னா தனக்கொடி, விசேஷமா? சொல்லவே இல்ல!" என்று முரசறைந்தார் பின்னால் நின்ற அந்தோணிசாமி. அவள் கம்பெனி வேனை ஓட்டுபவர்.

நாயகியின் கண்கள் சிவந்தன; காதோரம் வியர்த்தது.

"அத்த அழிண்ணே!"

"நம்ம ஊரு ஜனந்தானேம்மா, எவன் பாக்கப்போறான்?" என்றார் வள்ளல், எட்டுப் பேரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கையில்.

"என் வவுத்துல இருக்கறத ஊரு இன்னாத்துக்குப் பாக்கணும்? அழி!"

வேலெறிந்த வீரரும் நாண, மேசையைத் தாவிக் கடந்து, மவுஸ் என்னும் சிற்றாயுதத்தை அவர் கையினின்று பறித்து, கோப்பினைக் குப்பைத்தொட்டியில் வீழ்த்தி, வீழ்ந்தது மீளுமென்று அறிந்த மதியினளாய் அத்தொட்டியையும் வெறுமையாக்கி, "வாட்ஸ்அப்புல அனுப்புனேனே, அது?" என்று கர்ஜித்து, வள்ளலின் கைப்பேசிக்குள் ஒளிந்திருந்த கடைசிப் பிரதியையும் அவர் விரலாலேயே அழிப்பித்து நிமிர்ந்தாள் தனக்கொடி. வரிசை ஆரவாரித்தது. கடைக்கூரையின் மின்விசிறி அவளுக்குச் சாமரம் வீசியது.

அதற்குள் அந்தோணிசாமி, சூப்பர்வைசரும் இருக்கும் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் அவளுக்கு வாழ்த்து போட்டுவிட்டார்.