நான்தான் பதினாலு

அடுத்தவர் ரகசியத்தை நான் வயிற்றுக்குள் போட்டுப் பூட்டிவிடுவேன். என்னைப் பற்றிய ரகசியம் என்றால்தான் தாங்காது. அந்தக் குணத்துக்குக் கிடைத்த ஒரே தண்டனையைத்தான் இங்கே எழுதுகிறேன். (ஒரே தண்டனையா என்று வீட்டில் கேட்பார்கள். அது வேறு கதை.)

நான் படித்தது நாலாம் வகுப்பு வரைதான். ஊரிலிருந்து கடல் கடந்து இங்கே வந்து, ஏர்கான் (ஏசிதான்) கழுவும் வேலையில் சேர்ந்து, பிறகு சொந்தக் கம்பெனி போட்டேன். ஈசூனிலிருந்து மார்சிலிங் வரை நான் ஏணி வைக்காத அடுக்குமாடி புளோக் குறைவு. "தனி ஆளா வந்தேன், தனி ஆளா நின்னேன்" என்று தேக்கா சந்தைக் காப்பிக்கடையில் தினமும் சொல்வேன். நண்பர் மாரிமுத்து அதைக் கேட்டு முடிப்பதற்குள் இரண்டு காப்பி குடித்துவிடுவார்.

ஒரு நாள் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். சின்னத் தொழில் நடத்திய தமிழர்களைப் பற்றி ஆராய்ச்சியாம். ஒலிப்பதிவு மெஷினை மேசையில் வைத்துவிட்டு, மூன்று மணி நேரம் என்னைப் பேசவிட்டாள். அவ்வளவு பொறுமையை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. கடைசியில்தான் தலையில் கல்லைப் போட்டாள்.

"உங்க பேரு எங்கயும் வராது அங்கிள். நம்பர்தான் போடுவோம். நீங்க பதினாலு."

"பேரையே போடலாம்மா. நான் ஒண்ணும் திருடலையே."

"ரூல் அப்படி அங்கிள். நீங்களும் யார்கிட்டயும் சொல்லாதீங்க, உங்க நல்லதுக்குத்தான். ஆன்ட்டிகிட்டயும் கொஞ்சம் பேசலாமா?"

"அவகிட்ட என்ன இருக்கு? வீட்ல இருந்தவ."

மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அந்தப் பெண் அடுக்களையில் என் மனைவி கமலாவோடு உட்கார்ந்தாள். சாம்பார் பொடியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்து டிவி பார்த்தேன்.

மறுநாள் மாரிமுத்துவிடம், "ஆராய்ச்சியில பதினாலாம் நம்பர் யாருன்னு வெளியில சொல்லக்கூடாதாம்" என்றேன்.

"யாரு?"

"நான்தான்."

அந்த வாரம் முடிவதற்குள் தேக்காவில் பூக்கடைக்கும் தெரியும், கோழிக்கடைக்கும் தெரியும்.

சில மாதம் கழித்து, பல்கலைக்கழகத்தில் எல்லாத் துறை ஆராய்ச்சிகளையும் பொதுமக்களுக்குக் காட்டும் நாள் ஒன்று வைத்தார்கள். வேன் பிடித்துப் பதினாறு பேரை அழைத்துப் போனேன். பட்டு ஜிப்பா போட்டிருந்தேன். ஒருவர் கொசு எப்படி ஆளைத் தேடி வருகிறது என்று விளக்கினார். (எங்கள் புளோக்குக்கு வந்திருந்தால் சாயங்காலத்துக்குள் முடித்திருப்பார்.) ஒருவர் சிமெண்டு ஏன் வெடிக்கிறது என்றார். இன்னொருவர் வயதானவர்களின் தூக்கத்தைப் பற்றிப் பேசப் பேச, என் ஆட்களில் நான்கு பேர் தூங்கியே காட்டினார்கள்.

பிறகு நம் ஆராய்ச்சிப் பெண் மேடை ஏறினாள். திரையில் ஆங்கிலம். எனக்கு அதில் எண்கள் மட்டும் தெரியும். இடது பக்கம் 14, வலது பக்கம் 15. இரண்டுக்கும் கீழே நீளமாக ஏதோ எழுதியிருந்தது. பதினாலைப் பார்த்த மாத்திரத்தில் எழுந்து, கைகூப்பி, நாலு திசைக்கும் வணக்கம் வைத்தேன்.

கைதட்டல் இல்லை. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த மாரிமுத்து, இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர், தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள். மேடையில் அந்தப் பெண் பேச்சை நிறுத்திவிட்டு, அவசரமாக அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

"கமலா, என்ன போட்டிருக்கு?" என்று கேட்டேன். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக்கு வரும் இங்கிலீஷ் கடிதம் ஒவ்வொன்றையும் எனக்குப் படித்துச் சொல்பவள் அவள்தான்.

"கண்ணாடி கொண்டு வரலைங்க" என்றாள்.

கண்ணாடி அவள் மூக்கில் இருந்தது.

என் மகள் சுமதி ஜிப்பாவைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்கப்பா. போதும்."

திரும்பும்போது வேனில் பதினாறு தமிழர்களும் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார்கள். தேக்காவில் இறங்கியதும் காப்பி குடிக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. நாங்கள் மூவரும் எம்ஆர்டி ரயில் ஏறினோம். கமலா எதிர் வரிசையில், தள்ளிப் போய் உட்கார்ந்தாள். திரையில் என்ன இருந்தது என்று கேட்டு நான் சுமதியை விடவில்லை.

"பதினாலு என்ன சொல்லுதுன்னா," என்று அவள் மெல்ல ஆரம்பித்தாள். "'இங்கிலீஷ் தெரியாமலே பெரிய கம்பெனிக்கெல்லாம் லெட்டர் போட்டு வேலை எடுத்தேன். மனைவி வீட்ல இருந்தவ.'"

"சரியாத்தானே சொல்லியிருக்கேன்."

"பதினஞ்சும் கேளுங்க. 'லெட்டர் எல்லாம் நான்தான் எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தும் நான் கத்துக் கொடுத்தது. தனி ஆளா நின்னேன்னு சொல்வார். நான் பக்கத்துலதான் நின்னேன்.'"

காத்திப் ஸ்டேஷன் வந்தது, போனது. மறுத்துப் பேச வாய் திறந்தேன். பென்சிலால் புள்ளி புள்ளியாகக் கமலா என் பெயரை இங்கிலீஷில் எழுதி வைத்ததும், அதன் மேல் நான் பேனாவை ஓட்டிப் பழகியதும் ஞாபகத்துக்கு வந்தன. ஒரு நோட்டு முழுக்க ஓட்டியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கமலாவிடம் கேட்டேன். "இத்தனை வருஷமா ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க பேசி முடிச்சாத்தானே" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து தேக்காவில் என் பெயர் பதினாலு. சுமதியின் போனிலும் அப்படித்தான் இருக்கிறது. போன தீபாவளிக்கு வீடு நிறைய ஆட்கள். நான் பழக்கதோஷத்தில் "தனி ஆளா" என்று ஆரம்பித்தேன். "உக்காரு லா, பதினாலு" என்றார் மாரிமுத்து. எல்லோரும் சிரித்தார்கள். பதினைந்து மட்டும் சிரிக்கவில்லை, முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனது.

கம்பெனியில் கமலாவையும் பங்குதாரராகச் சேர்க்கலாம் என்று ஒரு ஃபாரம் வாங்கி வந்தேன். எல்லாம் இங்கிலீஷ். அவள் முன்னால் வைத்தேன்.

"அதுக்கும் நானே எழுதணுமா?" என்றாள்.

ஃபாரம் டிவிக்குக் கீழே உள்ள டிராயரில் வெறுமையாகக் கிடக்கிறது. அடியில் என் கையெழுத்தை மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.